கருகிய நெல்லை வைத்து "இது விதைத்தது, இது பொறுக்கியது" என்று எப்படிச் சொல்கிறார்கள்?

வெண்ணாற்றங்கரை | வெள்ளி, இரவு 9:12

சம்பா அறுவடை முடிந்து கை கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது, அதனால் இந்தக் கேள்வி. சீனாவில் யாங்சி ஆற்றுப் பக்கம் 10,000 ஆண்டுக்கு முந்தைய நெல் கிடைத்தது, அங்கேதான் நெல் விவசாயம் தொடங்கியது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். கண்ணாடிக் குப்பியில் கருப்பாக நாலைந்து மணி. அவ்வளவுதான் காட்டினார்கள்.

எங்கள் ஊர் குளத்தங்கரையில் இன்றைக்கும் குளநெல் தானாக முளைக்கிறது. யாரும் விதைப்பதில்லை. பஞ்ச காலத்தில் அதைத் தட்டி எடுத்துக் கஞ்சி வைத்ததாக என் அப்பாயி சொல்லும். அந்தக் கஞ்சிப் பானையிலிருந்து நாலு மணி அடுப்பில் விழுந்து கருகி மண்ணுக்குள் போயிருந்தால், 5,000 வருஷம் கழித்துத் தோண்டுகிறவன் "இங்கே விவசாயம் நடந்தது" என்று எழுதிவிடுவானா மாட்டானா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சல்லடை | வெள்ளி, இரவு 10:47

எழுதிவிடுவான் அண்ணே. ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதினார்கள்.

1973-இல் செஜியாங் மாகாணத்தில் ஹெமுடு என்ற இடம் வெளிப்பட்டது. சுமார் 7,000 ஆண்டு பழைய ஊர். சதுப்பில் மரக்கால்களை ஊன்றி அதன்மேல் வீடு கட்டியிருந்தார்கள். சேற்றுக்குள் காற்று புகாததால் நெல், உமி, வைக்கோல் எல்லாம் மக்காமல் அடுக்கடுக்காகக் கிடந்தன. தோண்டும்போது பொன்னிறமாக இருந்தவை காற்றுப் பட்டதும் கறுத்துவிட்டன என்பார்கள். கூடவே எருமையின் தோள்பட்டை எலும்பில் செய்த மண்வெட்டிகள். இவ்வளவு நெல், இத்தனை மண்வெட்டி, அப்புறம் என்ன சந்தேகம்? முழு விவசாயிகள் என்று முடிவு கட்டியாயிற்று. அதே சேற்றில் ஓக் மரத்துக் கொட்டைகள் குழி குழியாகச் சேமித்து வைத்திருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அரிசிமணியை மட்டும் பார்த்தால் பதில் கிடைக்காது. கருகும்போது அது சுருங்கும், சில சமயம் உப்பும். நீளம் அகலம் அளந்து சண்டை போடலாம், தீர்ப்புச் சொல்ல முடியாது. பார்க்க வேண்டிய இடம் நெல்லின் அடிப்பக்கம், காம்போடு ஒட்டியிருந்த தழும்பு.

குளநெல் முற்றினால் என்ன ஆகும்? காற்றடித்தாலே கொட்டும். அந்த இடத்தில் செடியே ஒரு மெல்லிய அடுக்கை உண்டாக்கி மணியைத் தானாகக் கழற்றிவிடுகிறது. அதனால் தழும்பு வட்டமாக, வழுவழுப்பாக, நடுவில் ஊசிமுனை அளவு துளையோடு இருக்கும். வயல் நெல் அப்படி விழாது. அடித்துத்தான் பிரிக்க வேண்டும். அதனால் அந்த இடம் பிய்ந்து, சொரசொரப்பாக, ஓட்டை பெரிதாக இருக்கும். எல்லாம் ஒரு மில்லிமீட்டருக்குள் நடக்கிற விவகாரம். உமியின் இந்த அடிப்பாகம் கெட்டியானது. மணி போனாலும் இது மண்ணில் தங்கிவிடும்.

ஹெமுடுவுக்கு அருகிலேயே தியான்லுவோஷான் என்று ஒரு ஊர், அதே பண்பாடு, அதே சேறு. லண்டனிலிருந்து டோரியன் ஃபுல்லர், பெய்ஜிங் பல்கலைக்கழகத்திலிருந்து ச்சின் லிங், செஜியாங்கிலிருந்து செங் யுன்ஃபெய் முதலானோர் அந்த மண்ணைச் சலித்து 23,000-க்கும் மேற்பட்ட தாவர எச்சங்களை எண்ணினார்கள். நெல்லின் அடித்தழும்பு மட்டும் 2,600-க்கு மேல். 2009-இல் வந்த முடிவு இது: சுமார் 6,900 ஆண்டுக்கு முந்தைய அடுக்கில் உதிரா வகைத் தழும்பு, அதாவது வயல் நெல் போலப் பிய்ந்தது, 27 விழுக்காடு. 300 ஆண்டு தள்ளி, 6,600 ஆண்டுக்கு முந்தைய அடுக்கில் 39 விழுக்காடு.

12 தலைமுறை விதைத்து அறுத்தும் பாதி கூட வரவில்லை! எனக்கு இந்த ஒரு எண்தான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. "ஒரு நாள் மனிதன் விவசாயத்தைக் கண்டுபிடித்தான்" என்று பள்ளியில் படித்தோமே, அப்படி ஒரு நாள் அங்கே இல்லவே இல்லை.

வீட்டில் பூதக்கண்ணாடி இருந்தால் ஒரு நெல்லைத் திருப்பிப் பாருங்கள்.

மணல்வீடு72 | வெள்ளி, இரவு 11:20

ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியன், சந்தேகப்படுவது தொழில். அந்த 300 ஆண்டில் மீதி உணவு என்ன? 27 விழுக்காடு உதிரா நெல் என்றால் மீதி 73 விழுக்காடு காட்டு நெல்தானே? அது அவர்கள் வயலில் விளைந்ததா, குளத்தில் பொறுக்கியதா?

இன்னொன்று. பொறுக்குகிறவன் முட்டாள் அல்ல. முற்றினால் கொட்டிவிடும் என்று தெரிந்தால் பச்சையாக இருக்கும்போதே உருவிக்கொண்டு வருவான். பச்சை மணியைப் பிய்த்தால் அதுவும் கிழிந்துதானே வரும்? காட்டு நெல்லே வயல் நெல் வேஷம் போட்டுவிடும்.

சல்லடை | சனி, காலை 6:58

சார், நீங்கள் எங்கள் ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியவர்.

பச்சை மணிப் பிரச்சினை உண்மையானது. ஹெமுடு வட்டாரத்து நெல்லில் கணிசமான பங்கு முற்றாமல் பறித்ததாக இருக்கலாம் என்று ஃபுல்லர் தரப்பே முன்பு வாதாடியது. அதனால் தழும்பை இரண்டாக அல்ல, மூன்றாகப் பிரிக்கிறார்கள்: வழுவழுப்பு, கிழிசல், அப்புறம் காம்பின் துண்டு துருத்திக்கொண்டு நிற்கும் பச்சை வகை. மூன்றாவதைத் தனியாக வைத்துவிட்டுத்தான் கணக்கு. அப்படியும் ஒரு மணியை வைத்து எதுவும் சொல்லக்கூடாது. நூற்றுக்கணக்கில் எண்ணி, அடுக்குக்கு அடுக்கு விகிதம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க வேண்டும்.

வயலா குளமா என்பதற்குத் தழும்பு பதில் சொல்லாது. களை சொல்லும். நெல்லோடு கோரையும் ஈரநிலப் புற்களும் சேர்ந்து வருகின்றன. உதிரா வகை கூடக்கூட, கூட வரும் களைகளும் பெருகினால் அது பயிரிட்ட நிலம். குளநெல் பொறுக்கும்போது களையெடுக்கிற கவலை இல்லையே.

மீதி உணவு? ஓக் கொட்டை, கொம்பு வைத்த நீர்க்கொட்டை (வடக்கே சிங்காடா என்று விற்பார்களே அது), முள் அல்லி விதை. கடைசியில் சொன்னதைத்தான் இப்போது "மகானா" என்று பொரித்துப் பொட்டலத்தில் விற்கிறார்கள். அந்த 300 ஆண்டின் தொடக்கத்தில் மொத்தத் தாவர எச்சத்தில் நெல்லின் பங்கு 8 விழுக்காடுதான். முடிவில் 24. இன்னொரு பக்கம் ஓக் கொட்டையும் நீர்க்கொட்டையும் மெல்லக் குறைகின்றன. ஓக் கொட்டை சும்மா வாயில் போடக்கூடியதல்ல, துவர்ப்புப் போக ஊறவைத்து நீரை மாற்றி மாற்றி வடிக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டு அதைத் தின்றவர்களுக்கு நெல் பக்கவாத்தியமாகத்தான் இருந்தது.

வெண்ணாற்றங்கரை | சனி, காலை 7:30

8 விழுக்காடா! எங்கள் வீட்டில் நெல் இல்லாத ஒரு வேளையை நினைத்தே பார்க்க முடியவில்லை.

சல்லடை, அந்த மண்ணிலிருந்து இவ்வளவு சின்னதை எப்படிப் பொறுக்குகிறீர்கள்? கையாலா?

சல்லடை | சனி, காலை 8:15

தண்ணீரில் மிதக்க விடுவோம். கரி நீரில் மிதக்கும், மண் அடியில் தங்கும். அதுதான் முழுத் தத்துவமும். அடுப்படி, குப்பைக்குழி, வீட்டுத்தரை என்று இடம் பார்த்து வாளி வாளியாக மண் எடுத்து, தொட்டியில் கொட்டிக் கலக்கி, மேலே வருவதைக் கால் மில்லிமீட்டர் அளவு கண் உள்ள சல்லடையில் பிடிப்போம். (என் பெயர்க் காரணம் தெரிந்திருக்கும்.) துணியில் முடிந்து நிழலில் உலர்த்துவோம்.

நிழலில். இதை நான் பட்டுத்தான் கற்றேன். முதல் வருஷம் ஒரு தோண்டல் களத்தில் எனக்குத்தான் உலர்த்தும் பொறுப்பு. சீக்கிரம் காயட்டுமே என்று நல்ல வெயிலில் விரித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் கொள்ளு எல்லாம் வெடித்துப் பொடியாகிக் கிடக்கிறது. 3,000 ஆண்டு மண்ணுக்குள் பத்திரமாக இருந்ததை ஒரு சாப்பாட்டு வேளையில் முடித்துவைத்தேன். யாரும் திட்டவில்லை, அதுதான் இன்னும் வலி.

சீனாவில் இந்த முறையைப் பெரிய அளவில் ஊர் ஊராகக் கொண்டுபோனவர் சாவ் ஜிஜூன். அமெரிக்காவில் மிசூரியில் படித்துவிட்டுத் திரும்பியவர். அதற்கு முன் கண்ணில் பட்டால்தான் தானியம். கண்ணில் படுவது எப்போதும் பெரிய குவியல்தான்.

ஹாங்சோத்தமிழன் | சனி, பகல் 1:05

நான் ஹாங்சோவில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறேன். ஊர்க்காரர்கள் வந்தால் மேற்கு ஏரி, அடுத்து லியாங்ஜூ. 2019-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த இடம், 5,300 முதல் 4,300 ஆண்டுக்கு முன்பு இருந்த நகரம். மதில், அணைகள், பச்சைக்கல் வேலைப்பாடு எல்லாம் உண்டு. எல்லோரும் பச்சைக்கல்லைப் படம் எடுப்பார்கள். நான் நிற்பது கருகிய நெல்லுக்கு முன்னால். அரண்மனை மேட்டுக்குத் தெற்கே களஞ்சியம் எரிந்து கிடந்த இடத்தில் ஏறத்தாழ 2 லட்சம் கிலோ நெல் இருந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவு நெல்லை வைத்திருந்த நகரத்துக்குள் வயலின் சுவடே இல்லை. வெளியூர்களிலிருந்து வந்து குவிந்த நெல்.

தியான்லுவோஷானில் 8 விழுக்காடு, லியாங்ஜூவில் 200 டன். நடுவில் 1,500 ஆண்டுக்கு மேல்.

மணல்வீடு72 | சனி, பகல் 1:40

எரிந்து போன நெல்லை யார் எடை போட்டது?

ஹாங்சோத்தமிழன் | சனி, பகல் 1:52

கரி அடுக்கின் பரப்பு, கனம், மாதிரி மண்ணில் எத்தனை மணி என்று எண்ணிப் பெருக்குவது சார். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பாதியாகக் குறைத்தாலும் அது ஒரு குடும்பத்துக் குதிர் இல்லை.

தினைப்புனம் | சனி, மாலை 5:18

எல்லாம் சரி, நெல்லை விடுங்கள். தினை நம்முடையது. குறிஞ்சி நிலத்து உணவு, வள்ளி காத்த புனம். இதையும் சீனாக்காரன் தன்னுடையது என்று சொல்வதாகப் படித்தேன். இதற்கு என்ன ஆதாரம்?

சல்லடை | சனி, இரவு 8:34

தினை விஷயத்தில் எனக்கும் பாசம் உண்டு, ஆனாலும் கரி பொய் சொல்லாது.

சீனாவில் விவசாயத்துக்கு இரண்டு தாய்வீடு. தெற்கே யாங்சிக் கரையில் நெல். வடக்கே மஞ்சள் ஆற்றுப் பக்கமும் அதற்கும் மேலேயும் சிறுதானியம் இரண்டு: பனிவரகு, தினை. தினையின் காட்டு மூதாதை சீனாவில் வயல் ஓரமெல்லாம் முளைக்கும் புல், அவர்கள் "நாய்வால் புல்" என்கிறார்கள். கதிரைப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும், தினையின் இளைத்த தம்பி.

உள்மங்கோலியாவில் ஷிங்லொங்கொவ் என்று ஒரு 8,000 ஆண்டு பழைய ஊர். சாவ் ஜிஜூன் குழு அங்கே மண்ணை மிதக்க விட்டதில் சுமார் 1,500 கருகிய சிறுதானிய மணி கிடைத்தது. பெரும்பகுதி பனிவரகு, தினை கொஞ்சம்தான். மணி இன்றைய பனிவரகைவிடச் சிறியது, ஆனால் காட்டு வகையைவிடப் பெரியது, உருண்டை. மாறிக்கொண்டிருந்த நேரத்தில் பிடிபட்ட பயிர். அந்த அவ்ஹான் வட்டாரத்தில் இன்றும் இந்த இரண்டும் விளைகின்றன. உலக உணவு வேளாண் அமைப்பு 2012-இல் அதை மரபு வேளாண் பகுதியாக அறிவித்தது.

முதலில் பனிவரகு ஏன்? வெண்ணாற்றங்கரை அண்ணனைக் கேட்டால் சொல்வார். இரண்டு, இரண்டரை மாதத்தில் கைக்கு வரும். தண்ணீர் அதிகம் கேட்காது. பனியிலேயே விளையும் என்றுதானே நாம் பெயரே வைத்திருக்கிறோம். குளிர் சீக்கிரம் வந்துவிடும் வடக்கு ஊருக்கு அதைவிடத் தோதான தானியம் இல்லை.

இனி நம் பக்கம். கர்நாடகத்துச் சாம்பல் மேடுகள் (மாட்டுச் சாணம் எரிந்து குவிந்தவை) இருக்கும் புதியகற்கால ஊர்களில் கிடைத்த முதல் தானியங்களில் முன்னணியில் நிற்பது குலசாமை. கூடவே தினைக்கு உறவான இன்னொரு புல்தானியம், கொள்ளு, பாசிப்பயறு. இவை இங்கேயே பழக்கிய பயிர்கள். தினை பிற்பாடு வந்து சேர்ந்தது. புனம் காத்த பாட்டுகள் பிறப்பதற்கு முன்பே வந்து வேரூன்றிவிட்டது என்பதில் சந்தேகமில்லை. வந்த மருமகள் வீட்டு எஜமானி ஆவதில்லையா? அதுபோலத்தான்.

தினைப்புனம் | சனி, இரவு 9:02

மருமகள் கதை சொல்லி வாயை அடைத்துவிட்டீர்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். கருகிய மணியில் தினை எது, பனிவரகு எது என்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியுமா? நாட்டு மருந்துக் கடையில் பச்சையாக இருப்பதையே மாற்றித் தருகிறார்கள்.

சல்லடை | சனி, இரவு 9:41

தப்பு நடந்திருக்கிறது. ஹெபெய் மாகாணத்தில் சிஷான் என்ற ஊரை 1970களில் தோண்டினார்கள். தானியக் குழிகள் நூற்றுக்கணக்கில். 80-க்கும் மேற்பட்ட குழிகளில் மக்கிய தானியம். மணியாக இல்லை, பச்சையும் சாம்பலுமாய்த் தூள்தான். அதைப் பார்த்துத் "தினை" என்று எழுதிவிட்டார்கள்.

பின்னால் லூ ஹொவுயுவான் குழு அந்தத் தூளை நுண்ணோக்கியில் வைத்தது. புல் வகைச் செடிகள் நீரோடு சிலிக்காவையும் உறிஞ்சி, தம் செல்களுக்குள் கண்ணாடித் துகளாகப் படியவைக்கும். பைட்டோலித் என்பார்கள். செடி மக்கினாலும் அந்தத் துகள் அச்சு வார்த்தாற்போல் நிற்கும். உமித்தோலில் தினைக்கு வளைவுகள் கிரேக்க ஒமேகா எழுத்துப் போல, பனிவரகுக்கு ஈட்டா எழுத்துப் போல இருக்கும். 2009-இல் முடிவு வந்தது: பழைய குழிகளில் இருந்தது பனிவரகு, தினை பிற்பாடுதான் தலைகாட்டுகிறது. 10,300 ஆண்டு வரை காலம் சொன்னார்கள். காலக் கணக்கில் எனக்கு உடன்பாடு இல்லை. தூளில் எடுத்த தேதி வேறு, ஒரு மணியையே எடுத்துக் கரிமக் கணிப்புச் செய்வது வேறு. துறையிலும் பலர் அதை அப்படியே ஏற்கவில்லை. எது எந்தத் தானியம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

மணல்வீடு72 | சனி, இரவு 10:10

ஒரே ஆய்வில் பாதியை ஏற்று பாதியைத் தள்ளுகிறீர்கள். பிடித்திருக்கிறது.

தேதி விஷயத்தில் என் பங்குக்கு ஒன்று. ஐரோப்பாவில் 8,000 ஆண்டுக்கு முந்தைய அடுக்குகளில் பனிவரகு இருக்கிறது என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் அது சீனாவில் ஒரு தடவை, ஐரோப்பாவில் ஒரு தடவை தனித்தனியாகப் பழக்கப்பட்டதா என்று பெரிய விவாதம். கடைசியில் அந்த மணிகளையே நேராகக் கணித்துப் பார்த்தால் ஆயிரக்கணக்கான ஆண்டு பிற்பட்டவை. சின்ன மணி, எலி வளையிலும் மண் வெடிப்பிலும் நழுவி அடி அடுக்குக்குப் போய்விட்டது. கி.மு. 16ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் பனிவரகு ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது என்று இப்போது சொல்கிறார்கள். விவாதத்தையே ஒரு எலி நடத்தியிருக்கிறது.

யாழ்முற்றம் | ஞாயிறு, காலை 9:25

நல்ல இழை. ஒரு கேள்வி அக்கா. எல்லாம் நெல்லு, தினை, கொட்டை என்றுதான் வருகிறது. கிழங்கு எங்கே? எங்கள் பக்கம் வள்ளியும் மரவள்ளியும் இல்லாமல் ஒரு வீடு உண்டோ? கிழங்கு கருகினால் கரி மிஞ்சாதோ?

சல்லடை | ஞாயிறு, காலை 10:40

தங்கச்சி, எங்கள் துறையின் பெரிய ஓட்டையில் விரலை வைத்துவிட்டீர்கள்.

மிஞ்சும். ஆனால் அடையாளம் தெரியாத கரித்துண்டாக மிஞ்சும். விதைக்கு முகம் இருக்கிறது, கிழங்குக்கு இல்லை. அதோடு தானியம் வறுக்கும்போது, உமி எரிக்கும்போது தவறி நெருப்பில் விழும். கிழங்கை அவித்துத் தோலை எறிந்தால் மண் தின்றுவிடும். அதனால் எங்கள் கணக்கில் தானியம் எப்போதும் கொஞ்சம் அதிகமாகத் தெரியும்.

இதற்கு வேறு வழி, கல்லைப் பார்ப்பது. பெய்லிகாங் பண்பாடு என்று ஹெனான் பக்கம், 8,000 ஆண்டு முன்பு. அழகான கால் வைத்த அம்மிகள், கூடவே உருளைக் குழவி. தானியத்தின் தோல் நீக்கத்தான் என்று எல்லோரும் எழுதிவந்தார்கள். லியூ லி குழு அந்தக் கல்லின் துளைகளில் ஒட்டியிருந்த மாவுத் துகளைக் கழுவி எடுத்துப் பார்த்தது. தானியத்தைவிட ஓக் கொட்டை மாவு முன்னால் வந்து நின்றது. அம்மி என்றதும் தானியம் என்று நினைப்பது நம் பழக்கம்.

யாங்சிப் பக்கம் ஷாங்ஷான் ஊரிலும் இப்படி ஒன்று. 10,000 ஆண்டு பழையது, மேலே காணொளியில் வந்தது இதுவாக இருக்கலாம். அங்கே பானை வனையும் களிமண்ணில் உமியைக் கலந்திருக்கிறார்கள், உடைந்த ஓட்டுக்குள் உமி அப்படியே தெரியும். ஆனால் கல்லிலும் பானையிலும் ஒட்டிய துகளை ஆராய்ந்தபோது நெல்லோடு குதிரைவாலிக்கு உறவான காட்டுப் புல்லையும் பக்குவம் செய்தது தெரிந்தது. இன்றைக்கு அது நெல் வயலில் நாம் பிடுங்கி எறிகிற களை. அன்றைக்குச் சாப்பாடு!

ஹாங்சோத்தமிழன் | ஞாயிறு, பகல் 12:15

உணவு என்றதும் நினைவு வருகிறது. சிங்காய் மாகாணத்தில் லாஜியா என்ற ஊர், 4,000 ஆண்டு முன்பு நிலநடுக்கமும் வெள்ளமும் சேர்ந்து மூடிய இடம். அங்கே கவிழ்ந்து கிடந்த ஒரு கிண்ணத்தைத் தூக்கினால் அடியில் நூடுல்ஸ்! மஞ்சளாக, நீளமாக, 50 சென்டிமீட்டர் வரை. 2005-இல் அறிவித்தார்கள். துகள்களைப் பார்த்தால் கோதுமை இல்லை, தினையும் பனிவரகும் என்றார்கள். இங்கே என் அலுவலக நண்பர்கள் இன்னும் நம்பவில்லை. தினை மாவு இழுத்தால் அறுந்துவிடும் என்கிறார்கள்.

யாழ்முற்றம் | ஞாயிறு, பகல் 12:31

ஏன் இழுக்கவேண்டும்? இடியப்ப உரலில் பிழிஞ்சால் சரிதானே. அரிசி மாவும்தான் இழுபடாது.

ஹாங்சோத்தமிழன் | ஞாயிறு, பகல் 12:44

சிரிக்காதீர்கள், அந்தக் குழுவே பிறகு அப்படித்தான் செய்து காட்டியது. மாவைக் கொஞ்சம் வேகவைத்துப் பிசுபிசுப்பாக்கி அச்சில் பிழிந்தால் தினையிலும் நூல் வரும். ஆனாலும் அந்தக் கிண்ணத்து வழக்கு இன்னும் முடியவில்லை.

நெறியாளர் | ஞாயிறு, பகல் 1:10

இடியப்பம் எந்த ஊரில் நன்றாக இருக்கும் என்று தொடங்கிய 14 பதிவுகளைச் சமையல் பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே சீன விவசாயம் மட்டும்.

வெண்ணாற்றங்கரை | ஞாயிறு, இரவு 8:50

வயல் எப்படி இருந்தது என்று யாரும் சொல்லவில்லையே. வரப்பு, வாய்க்கால் எல்லாம் தோண்டினால் தெரியுமா?

சல்லடை | ஞாயிறு, இரவு 10:22

தெரியும் அண்ணே, இது உங்களுக்குப் பிடிக்கும்.

ஜியாங்சு மாகாணத்தில் சாவ்ஷியேஷான் என்ற இடத்தில் 6,000 ஆண்டு பழைய நெல் வயல் கிடைத்தது. வயல் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். தரையில் தோண்டிய பள்ளங்கள், பெரும்பாலும் சில சதுர மீட்டர், ஒன்றோடொன்று சின்ன வாய்க்காலால் இணைத்தது. உங்கள் நாற்றங்காலைவிடச் சிறியது. ஏன் இவ்வளவு குட்டியாக? ஃபுல்லரும் ச்சின் லிங்கும் சொல்லும் காரணம் இது: காட்டு நெல் பல்லாண்டுப் பயிர், எப்போதும் நீர் நின்றால் இலையும் வேரும்தான் கொழிக்கும், மணி குறையும். குட்டிப் பள்ளம் என்றால் நினைத்தபோது நீரை வடித்துக் காயவிடலாம், மறுபடி நிரப்பலாம். தாகம் எடுத்த செடி பயந்துபோய் விதை வைக்கும்.

இன்னொன்று. காய்ச்சல் தாங்காமல் நெல் இலை சுருளுமே, அதைச் சுருட்டுகிற செல்லிலும் விசிறி வடிவக் கண்ணாடித் துகள் உண்டு. விசிறி விளிம்பில் மீன் செதில் போல வரிகள். காட்டு நெல்லில் செதில் குறைவு, பழக்கிய நெல்லில் 9-உம் அதற்கு மேலும் இருப்பவை அதிகம். இதை வைத்து ஷாங்ஷான் பகுதி மண்ணடுக்குகளில் ஒரு லட்சம் ஆண்டு வரை பின்னால் போய் 2024-இல் ஓர் ஆய்வு வந்தது. 24,000 ஆண்டு முன்பு பொறுக்கத் தொடங்கியது, 13,000 வாக்கில் பயிரிடத் தொடங்கியது, 11,000 வாக்கில் பழக்கிய நெல் ஆனது என்கிறார்கள். தியான்லுவோஷான் தழும்புக் கணக்கோடு இதைப் பொருத்திப் பார்த்தால் இடிக்கும். இலை ஒரு தேதி சொல்கிறது, காம்பு இன்னொரு தேதி சொல்கிறது. எனக்குக் காம்பின் மேல்தான் நம்பிக்கை, ஏனென்றால் அறுவடை தொட்ட இடம் அது. இலை மாறியதற்கு வேறு காரணமும் இருக்கலாம்.

வெண்ணாற்றங்கரை | ஞாயிறு, இரவு 10:40

அட, இது காய்ச்சலும் பாய்ச்சலும்! வேளாண்மைத் துறைக்காரர்கள் வந்து புதுசாகச் சொல்லிக்கொடுப்பதுபோலச் சொன்னார்களே, அதை 6,000 வருஷம் முன்னால் பள்ளத்தில் செய்திருக்கிறான்.

ஹாங்சோத்தமிழன் | திங்கள், காலை 7:12

லியாங்ஜூ காலத்தில் வயலும் பெரிதாகிவிட்டது. மாவ்ஷான் என்ற இடத்தில் சுமார் 55,000 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 14 ஏக்கர், நீள நீளப் பட்டைகளாக. நடுவே வரப்பு. வரப்பின்மேல் சுட்ட மண் துண்டைப் பரப்பியிருக்கிறார்கள், சேற்றில் வழுக்காமல் நடக்க என்று நினைக்கிறேன்.

தினைப்புனம் | திங்கள், காலை 9:30

கடைசியாக ஒன்று. அப்படியானால் நம் நெல்லும் சீனாவிலிருந்து வந்ததா?

சல்லடை | திங்கள், பகல் 1:20

பாதி. கங்கைச் சமவெளியில் காட்டு நெல்லைப் பயன்படுத்தியது தனிக் கதை, அது சீனாவைக் கேட்டுக்கொண்டு நடக்கவில்லை. ஆனால் உதிராமல் நிற்கவைக்கும் மரபணு மாற்றம் இருக்கிறதே, அது நம் இண்டிகா வகைகளிலும் சீன ஜப்பானிகா வகைகளிலும் ஒரே மாதிரி இருக்கிறது. அதனால் சீன நெல் இங்கே வந்து உள்ளூர் நெல்லோடு கலந்து அந்தக் குணத்தைக் கொடுத்தது என்று மரபணு ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். செடி நம் மண்ணுடையது, காம்பின் பிடி அங்கிருந்து வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

திரும்பிப் பார்த்தால் அவர்களும் வாங்கியிருக்கிறார்கள். கோதுமை சீனாவுக்கு மேற்கிலிருந்து போனது, ஷாண்டோங்கில் கி.மு. 2500-ஐ ஒட்டியே கருகிய கோதுமை கிடைக்கிறது. வந்ததை ரொட்டி சுடவில்லை, அரிசி மாதிரி முழுசாக அவித்துத் தின்றார்கள்.

வெண்ணாற்றங்கரை | செவ்வாய், மாலை 6:05

பூதக்கண்ணாடி இல்லை. மகன் கைப்பேசியில் மாட்டும் கண்ணாடி ஒன்று வைத்திருந்தான், பூச்சி படம் எடுக்க வாங்கியது. களத்தில் கிடந்த சம்பா நெல்லில் 20 எடுத்து அடிப்பக்கம் பார்த்தோம். எல்லாமே பிய்ந்துதான் இருக்கிறது, இரண்டில் காம்புத் துண்டே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

அப்புறம் குளத்தங்கரைக்குப் போனோம். குளநெல் எல்லாம் கொட்டி முடிந்துவிட்டது, கதிர் வெறும் மீசையோடு நிற்கிறது. கரை ஓரச் சேற்றில் தேடி ஒன்பது மணி கிடைத்தது. கழுவிப் பார்த்தால் சல்லடை சொன்ன அதே வட்டம். பொத்தான் மாதிரி வழுவழு, நடுவில் புள்ளி. ஒன்பதில் ஒன்று மட்டும் கிழிந்திருக்கிறது. மகன் அது பக்கத்து வயல் நெல் அடித்துக்கொண்டு வந்தது என்கிறான், நான் குளநெல்தான் என்கிறேன். படம் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

சல்லடை | செவ்வாய், இரவு 9:50

அண்ணே, படம் தெளிவாக இருக்கிறது. ஆனால் ஒரு மணியை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். இன்னும் 200 பொறுக்குங்கள்.